பிலிப்பைன்ஸ் கைத்தறியில் நவீன உடை தைக்க: முதல் ஆர்டர் கொடுப்பதற்கு முன்

மணிலாவுக்கு வந்த புதிதில் 12 உடைகளுக்குப் படம் வரைந்து முடித்துவிட்டுத்தான் துணி தேடிக் கிளம்பினேன். ஊரில் ஏற்றுமதி கம்பெனியில் பேட்டர்ன் வெட்டிய பழக்கம். அங்கே டிசைன் முதலில் வரும். துணி 58 அங்குல அகலத்தில் ரோல் ரோலாகப் பின்னால் வந்து இறங்கும். இங்கே என் கைக்கு வந்த இனாபெல் என்னும் கைத்தறித் துணியின் அகலம் 30 அங்குலம். முழுவட்டப் பாவாடைக்காகத் துண்டு துண்டாக இணைத்ததில் ஒரு கட்டம்கூட அடுத்த கட்டத்தோடு சேரவில்லை. 40 கெஜம் துணி வீணானது. அதை நெய்ய ஓர் அம்மா ஒன்றரை மாதம் தறியில் உட்கார்ந்திருந்தார் என்பது பிறகு தெரியவந்தபோது போன பணத்தைவிட அதுதான் வலித்தது.

அந்த முதல் வருடத்தில் எங்கெங்கே இடித்துக்கொண்டேனோ அதையெல்லாம் வரிசையாக எழுதுகிறேன். பிலிப்பைன்ஸில் இருந்துகொண்டு சிறிய அளவில் உடை செய்து விற்க நினைப்பவர்களுக்கானது இது. தொகைகள் எல்லாம் பெசோவில். ஒரு பெசோவை ஏறத்தாழ ஒன்றரை ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1. படம் வரைவதை நிறுத்துங்கள், துணியைப் பாருங்கள்

மணிலாவில் ரிசால் பூங்காவை ஒட்டி தேசிய மானுடவியல் அருங்காட்சியகம் இருக்கிறது. நாட்டின் பல பகுதி நெசவுகளை ஒரே இடத்தில் அங்கே பார்க்கலாம். 2016 முதல் நுழைவுக் கட்டணம் கிடையாது. அரைநாள் ஒதுக்கிப் போங்கள். நிறத்தையும் பூவையும் விட்டுவிட்டு, அகலத்தையும் கரையையும் இணைப்பையும் பாருங்கள்.

மரானாவோ மக்களின் மலோங் என்னும் குழாய் வடிவ உடையைப் பார்த்தால் நான் சொல்வது புரியும். குறுகிய துணிகளை இணைத்த இடத்தில், லங்கிட் என்ற தனியாக நெய்த பட்டையை வைத்துத் தைத்திருப்பார்கள். தையல் ஒளிந்துபோவது மட்டும் இல்லை, அந்தப் பட்டைதான் உடைக்கே அழகு. குறுகிய அகலத்தை எப்படிக் கையாள்வது என்ற கேள்விக்கு இந்த ஊர்ப் பெண்கள் எப்போதோ விடை கண்டுபிடித்துவிட்டார்கள். நான் அதை முதலில் பார்த்திருந்தால் அந்த 40 கெஜம் தப்பியிருக்கும்.

உடை தைப்பவருக்குத் தெரிய வேண்டிய துணிகள் இவை.

இனாபெல்: வடக்கே இலோகோஸ் பகுதியின் பருத்தித் துணி. கால்மிதித் தறியில் நெய்வது. நம் ஊர்க் கைத்தறி பழகியவருக்குக் கையில் எடுத்ததுமே சொந்தமாகத் தோன்றும். சட்டை, ஜாக்கெட், கால்சட்டை எல்லாவற்றுக்கும் தாங்கும். புதிதாக ஆரம்பிப்பவர்கள் இதில்தான் ஆரம்பிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஹப்லோன்: இலோய்லோ மாகாணத்தில் மியாகாவ் ஊரின் துணி. இனாபெலைவிட மெல்லியது, நன்றாக விழும். பாவாடைக்கும் சால்வைக்கும் ஏற்றது.

பீன்யா: அன்னாசி இலை நாரில் நெய்வது. அக்லான் மாகாணத்தில் காலிபோ ஊரும் சுற்றுப்புறமும்தான் இதற்கு மையம். 2023 டிசம்பரில் அக்லான் பீன்யா நெசவு யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தது. உடைந்த பீங்கான் தட்டின் விளிம்பால் இலையைச் சுரண்டி நார் எடுத்து, ஒவ்வோர் இழையையும் கையால் முடிச்சுப் போட்டு நீட்டுகிறார்கள். மெல்லிய நாருக்கு லினிவான் என்று பெயர், முரட்டு நாருக்கு பாஸ்தோஸ். பட்டுப் பாவில் (நீளவாட்டு இழை) பீன்யா ஊடை (குறுக்கு இழை) கொடுத்து நெய்தால் பீன்யா-சேதா. விலை குறைவு, கூடுதல் நாள் உழைக்கவும் செய்யும். கையில் காசு புரளும்வரை பீன்யா-சேதாவோடு நில்லுங்கள்.

ட்னாலக்: மிண்டனாவோவில் லேக் செபு ஏரிக்கரையில் வாழும் ட்போலி மக்கள் அபாக்கா என்ற வாழை இனச் செடியின் நாரில் நெய்வது. நாரைக் கட்டிக் கட்டிச் சாயம் தோய்த்துக் கறுப்பு, சிவப்பு, நாரின் இயல்பு நிறம் மூன்றையும் வரவழைக்கிறார்கள். நெய்து முடித்த பிறகு சோழியால் அழுத்தித் தேய்ப்பதால் ஒரு பளபளப்பு வரும். விறைப்பான துணி. உடம்பை ஒட்டிப் போடும் உடைக்கு ஆகாது.

யாக்கான்: பசிலான் தீவின் யாக்கான் மக்களுடையது. சாம்போவாங்கா நகரத்தில் அவர்களுடைய நெசவுக் குடியிருப்பு ஒன்று உண்டு. நெருக்கமான வடிவங்கள், கனமான துணி. காலர், கைமுனை, பைகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

2. அசலை அடையாளம் காணப் பழகுங்கள்

மணிலாவின் மொத்த விற்பனைச் சந்தைகளில் யாக்கான், ட்னாலக் வடிவங்கள், இலோகோஸின் பினாகுல் என்ற சுழல்கட்ட வடிவம் எல்லாம் பாலியஸ்டரில் அச்சடித்துக் கிடைக்கும். தூரத்தில் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. முதல் மாதத்தில் ஒரு கடையில் ‘கைத்தறி’ என்று சொன்னதை நம்பி 6 கெஜம் வாங்கி, இஸ்திரிப் பெட்டி பட்டதும் அது உருகியபோதுதான் தெரிந்துகொண்டேன்.

துணியைத் திருப்பிப் பாருங்கள். அச்சடித்ததில் பின்பக்கம் வெளிறியிருக்கும். நெய்ததில் வடிவம் நூலிலேயே இருப்பதால் மறுபக்கத்திலும் நிறம் மாறி மாறித் தெரியும். ஓரத்தில் ஓர் இழையை உருவி நெருப்பில் காட்டுங்கள். பருத்தி காகிதம்போல மணத்து எரிந்து சாம்பலாகும், பாலியஸ்டர் சுருண்டு மணியாக உருளும். பாவையும் ஊடையையும் தனித்தனியாக எரித்துப் பாருங்கள். இலோகோஸில் உண்மையாகவே கையால் நெய்த துணியிலும் நூல் பாலி கலந்ததாக இருக்கலாம், அது நெசவாளர் குற்றமும் இல்லை, கிடைக்கிற நூல் அது. ஆனால் நீங்கள் ‘100% பருத்தி’ என்று லேபிள் போட்டு விற்றால் அது உங்கள் பொய் ஆகிவிடும்.

பீன்யாவுக்கு வெளிச்சம் போதும். ஜன்னலுக்கு எதிரே பிடியுங்கள். இழைகளின் நடுவே அங்கங்கே கடுகைவிடச் சிறிய முடிச்சுகள் தெரியும். அந்த முடிச்சு ஒவ்வொன்றும் ஒரு பெண்ணின் விரல் பட்ட இடம். முடிச்சே இல்லாமல் கண்ணாடிபோல ஒரே சீராக இருந்தால் அது பீன்யா இல்லை. ஹூசி என்ற பெயரில் வரும் மெல்லிய பட்டு அல்லது செயற்கை இழையாக இருக்கும். ஹூசியை பீன்யா விலைக்குக் கொடுப்பது சர்வசாதாரணம். கவனம்.

3. எதை வெட்டலாம், எதை வெட்டக் கூடாது

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள்.

பாகியோ சந்தையில் மலைப்பகுதிப் போர்வை ஒன்றை வாங்கினேன். அடர்நீலமும் வெள்ளையுமாய்ச் சிறு சிறு மனித உருவங்கள். ஜாக்கெட்டின் முதுகுக்கு வைக்கலாம் என்று மேசையில் விரித்துச் சாக்குக்கட்டியால் கோடும் போட்டுவிட்டேன். எங்கள் தையற்கூடத்தில் பொத்தான் தைக்கும் பெரியம்மா இஃபுகாவோக்காரர். அருகில் வந்து துணியின் மேல் கையை வைத்தார். “இதை இறந்தவர்மேல் போர்த்துவோம்” என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. கோட்டைத் துடைத்து மடித்து அவர் கையிலேயே கொடுத்தேன். இஃபுகாவோ மக்கள் இறந்தவரைச் சுற்றும் போர்வைக்கு காமோங் என்று பெயர். விற்ற கடையில் யாரும் அதைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: “இது எதற்கு நெய்தது, யார் உடுத்துவது?” நெய்தவரிடமே கேளுங்கள், இடைத்தரகரிடம் வேண்டாம்.

ட்னாலக்குக்கு அபாக்காவைக் காக்கும் ஃபூ தாலு என்ற தெய்வம் உண்டு. வடிவங்கள் கனவில் வருபவை என்பது நெய்பவர்களின் நம்பிக்கை. துணியைத் தாண்டி நடக்க மாட்டார்கள். வெட்டினால் நோயோ சாவோ வரும் என்பதும் மரபான நம்பிக்கை. விற்கும்போது பித்தளை வளையம் ஒன்றைக் கட்டிக் கொடுப்பதும் அதனால்தான். இன்று வெட்டித் தைப்பதற்கென்றே நெய்து தருபவர்களும் இருக்கிறார்கள். அதனால் ஒவ்வொரு முறையும் கேட்டுத்தான் ஆக வேண்டும். நான் இதுவரை ட்னாலக்கை வெட்டியதே இல்லை. முழு அகலத்தோடு முன்பக்கப் பலகைபோல வைத்து, ஓரத்தை மட்டும் மடித்துத் தைக்கிறேன். அப்படி வெட்டாமல் வைப்பதுதான் அந்தத் துணிக்கு அழகாகவும் இருக்கிறது.

சட்டமும் இருக்கிறது. 1997-இல் வந்த பழங்குடி மக்கள் உரிமைச் சட்டம் (குடியரசுச் சட்டம் 8371), பழங்குடிச் சமூகத்தின் அறிவும் கலையும் அந்தச் சமூகத்துக்கே சொந்தம் என்கிறது. நெய்தவரிடம் துணியை விலைக்கு வாங்கித் தைப்பது வேறு. ட்போலி, யாக்கான், இஃபுகாவோ வடிவங்களைப் படம் பிடித்து அச்சடிப்பது, எந்திரத் தறியில் நெய்வது, ஆவணப்படுத்தி வெளியிடுவது எல்லாம் வேறு. அவற்றுக்கு என்.சி.ஐ.பி. என்னும் பழங்குடியினர் ஆணையத்தின் வழியாகச் சமூகத்தின் முன்கூட்டிய ஒப்புதல் பெற வேண்டும். 2012-ஆம் ஆண்டு ஆணை எண் 1 அதற்கான நடைமுறையைச் சொல்கிறது. சமூகக் கூட்டச் செலவு விண்ணப்பிப்பவர் தலையில். மாதக்கணக்கில் ஆகும். புதியவர்களுக்கு நான் சொல்வது: அச்சடிக்கும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள், நெய்த துணியையே வாங்குங்கள்.

இலோகோஸ் இனாபெல், அக்லான் பீன்யா, மியாகாவ் ஹப்லோன் போன்றவை தாழ்நிலப் பெரும்பான்மை மக்களுடையவை. இந்த ஆணைய நடைமுறை அவற்றுக்கு வராது. புதியவர்களை இனாபெல் பக்கம் தள்ளுவதற்கு எனக்கு இது இன்னொரு காரணம்.

4. நெய்பவரைத் தேடிப் போங்கள்

எளிய வழி, மகாத்தியில் குளோரியெட்டா வளாகத்தில் பிலிப்பைன் ஜவுளிக் கவுன்சிலான ஹாபி நடத்தும் லிகாங் ஹாபி சந்தை. வழக்கமாக அக்டோபர் வாக்கில் நடக்கும். நாடு முழுவதிலிருந்தும் நெசவாளர்கள் நேரில் வருவார்கள். முதல் நாள் காலையிலேயே போய்விடுங்கள். நல்ல துணிகள் மதியத்துக்குள் போய்விடும். ஒவ்வொருவரிடமும் ஒரு கெஜம் வாங்கி, நெய்தவர் பெயர், ஊர், அகலம், நூல், விலை ஐந்தையும் அட்டையில் எழுதித் துணியோடு ஊக்குக் குத்திவிடுங்கள். எங்கள் கூடத்தில் இன்றும் அந்த அட்டைகளைத்தான் புரட்டுகிறோம்.

அடுத்தது நேரில் போவது. இலோகோஸில் உள்ள விகானுக்கு மணிலாவிலிருந்து இரவுப் பேருந்தில் ஏறினால் காலையில் இறங்கலாம். காலிபோவுக்கு விமானம். லேக் செபுவுக்கு ஜெனரல் சாண்டோஸ் வரை விமானம், பிறகு கொரொனாடால், சுராலா வழியாகச் சாலையில். பசிலான், சூலு பக்கம் புதியவர்கள் தனியாகப் போக வேண்டாம். யாக்கான் துணியை சாம்போவாங்காவிலோ மணிலா சந்தையிலோ வாங்கிக்கொள்ளலாம்.

இலோகோஸில் உங்களைவிட மூத்த பெண்ணை ‘மானாங்’ என்று அழையுங்கள், அக்கா என்று பொருள். பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள். பாவுக்கு ‘கன்-ஆய்’, ஊடைக்கு ‘பக்கான்’, தறிக்கு ‘பங்காப்லான்’. இந்த மூன்று சொல்லைச் சொன்னதுமே முகம் மலர்வதைப் பார்த்திருக்கிறேன். வடிவங்களுக்கும் பெயர் உண்டு. இலோகோஸ் நோர்த்தேயில் பினிலி ஊரைச் சேர்ந்த மக்தலேனா காமாயோவுக்கு 2012-இல் நாட்டின் மிக உயர்ந்த மரபுக்கலை விருதான மன்லிலிக்கா ங் பாயான் கிடைத்தது. அவர் நெய்த வடிவங்களின் பெயர்களே இனுரிதான், சினான்-சபோங், குசிகோஸ் என்று நீளும். ‘அந்தச் சுழி டிசைன்’ என்று கேட்பதற்கும் ‘குசிகோஸ்’ என்று கேட்பதற்கும் கிடைக்கும் பதிலில் எவ்வளவோ வித்தியாசம்.

பேரம் பேசாதீர்கள். ‘தவாட்’ கேட்பது சந்தையில் வழக்கம்தான். தறி முன்னால் நின்று கேட்க உங்களுக்கே மனம் வராது.

5. ஆர்டர் கொடுக்கும் முறை

அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். 3 கெஜம் தனி நிறத்தில் வேண்டும் என்று கேட்பார்கள். நெசவாளர் சிரித்து மழுப்புவார். பாவு ஓட்டி, விழுதிலும் அச்சிலும் இழை இழையாகக் கோத்துத் தறியில் ஏற்ற நாள்கணக்கில் ஆகும். 3 கெஜத்துக்கும் அதே வேலை, 30 கெஜத்துக்கும் அதே வேலை. ஆகவே முழுப் பாவுக்கு ஆர்டர் கொடுங்கள். பாவு நிறத்தை மாற்றாமல் ஊடை நிறத்தை மட்டும் மாற்றச் சொன்னால் ஒரே பாவில் மூன்று வகைத் துணி கிடைக்கும். சிறிய முதலீட்டில் ஓர் உடைத் தொகுப்பு செய்ய இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

ஒரு தொகுப்புக்குத் தேவையான மொத்தத் துணியும் ஒரே பாவிலிருந்து வரட்டும். அடுத்த பாவில் நீலம் நிச்சயம் வேறு நீலமாக இருக்கும்.

ட்னாலக்குக்கு இந்த முறை செல்லாது. கனவில் கண்டதை நெய்பவரிடம் நாம் படம் கொடுத்து ஆர்டர் செய்ய முடியாது. “தறியில் இப்போது என்ன இருக்கிறது, எப்போது இறங்கும்?” என்று கேட்டு அதை முன்பதிவு செய்யுங்கள். ஒரு துணிக்கு மாதங்கள் ஆகும்.

முன்பணம் பாதி கொடுங்கள், நூல் செலவு அதிலிருந்துதான். இரண்டு பக்கத்துக்கும் புரியும் மொழியில் ஒரு பக்கத் தாள் போதும். அதில் இவை இருக்க வேண்டும்:

- கழுவுவதற்கு முன் அகலம், நீளம். அரை அங்குலம் கூடக்குறைய ஏற்கலாம் என்ற வரி
- நூல் எது, சாயம் எது
- நிறத்துக்குச் சொல்லுக்குப் பதில் ஒட்டிய நூல் துண்டு
- முன்பணம், மீதி, எந்த நாளில், எந்தக் கணக்கில்
- புயல், அறுவடை, சாவு வீடு என்றால் எத்தனை வாரம் தள்ளலாம்
- நெய்தவர் பெயரை லேபிளில் போடச் சம்மதமா

நூல் துண்டு ஒட்டாமல் ‘சிவப்பு’ என்று மட்டும் எழுதி, செங்கல் நிறத்தில் 25 கெஜம் வாங்கிய அனுபவம் எனக்கு உண்டு. அவர் தவறில்லை, அதுவும் சிவப்புதான்.

கால அளவு: வெறும் கோடு, கட்டம் என்றால் ஒரு பாவு 3 முதல் 5 வாரம். பினாகுல், பினிலியான் (வடிவங்களைத் தனி நூலால் எடுத்து நெய்யும் வகை) என்றால் 2 முதல் 3 மாதம். பீன்யா-சேதாவில் லும்பான் ஊரில் எம்பிராய்டரியும் வேண்டுமென்றால் அதற்கு மேலும் 2 மாதம் சேருங்கள். நெல் நடவு, அறுவடைக் காலங்களில் இலோகோஸ் தறிகள் ஓயும். ஜனவரி மூன்றாம் ஞாயிறை ஒட்டி அத்தி-அத்திஹான் விழாவில் காலிபோவே தெருவில் இருக்கும். புனித வாரத்தில் நாடே மூடும். ஜூன் முதல் நவம்பர் வரை புயல்.

6. துணி வந்ததும்

வெட்டாதீர்கள். முதலில் இரண்டு முனையையும் ஜிக்ஜாக் தையல் போடுங்கள், இல்லாவிட்டால் பிரிந்துகொண்டே போகும். இனாபெலைக் குளிர்ந்த நீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, நிழலில் காயவைத்து, ஈரம் கொஞ்சம் இருக்கும்போதே இஸ்திரி போடுங்கள். நான் கடைசியாகச் சோதித்த துணியில் 36 அங்குலச் சதுரம் நீளத்தில் 34, அகலத்தில் 35 ஆனது. இதைக் கணக்கில் சேர்க்காத சட்டை, வாங்கியவர் வீட்டில் முதல் துவைப்பிலேயே ஒரு சைஸ் இறங்கிவிடும்.

சாயம் ஓடுகிறதா என்று வெள்ளைத் துணியை நனைத்துத் தேய்த்துப் பாருங்கள். பெரிய ஆர்டருக்கு, தகீக் நகரத்தின் பிகுத்தானில் இருக்கும் பி.டி.ஆர்.ஐ. என்ற அரசு ஜவுளி ஆய்வுக்கூடத்தில் துண்டு கொடுத்து, சாய உறுதி, சுருக்கம், நார் விவரம் மூன்றையும் சோதித்து அறிக்கை வாங்கிவிடுங்கள். வெளிநாட்டுக் கடைகள் கேட்கும் முதல் தாள் அதுதான்.

பீன்யாவை மடிக்கக் கூடாது, சுருட்டி வையுங்கள். தைக்க 9-ஆம் எண் ஊசி, இஸ்திரி போடும்போது மேலே மெல்லிய துணி. ட்னாலக்கைத் துவைக்கும் பேச்சே வேண்டாம். கூர்மையாக மடித்தால் நார் அந்த மடிப்பிலேயே ஒடியும்.

7. அகலத்துக்கு ஏற்ற வடிவம்

இப்போது பென்சிலை எடுக்கலாம். 30 அங்குலத் துணியில் தோள் முதல் இடுப்பு வரை நேராக விழும் பெட்டி வடிவ ஜாக்கெட், கிமோனோ கை, மேல்சுற்றுப் பாவாடை, நேர்கால் பேன்ட் இவை எல்லாம் வரும். வட்டப் பாவாடை, இளவரசி வெட்டு, ஆழமான கை வளைவு இவற்றைத் தவிர்த்துவிடுங்கள். வளைவு கூடக்கூட விரயமும் கூடும். கையால் நெய்த துணியில் விரயம் என்பது ஒருவருடைய நாள்கள்.

துணியின் கரையை வெட்டி எறியாதீர்கள். கையால் நெய்த கரை அவ்வளவு சுத்தமாக இருக்கும். அதையே ஜாக்கெட்டின் முன்விளிம்பாகவும் பாவாடையின் கீழ்விளிம்பாகவும் வைத்தால் மடித்துத் தைக்கும் வேலையும் மிச்சம்.

பினாகுலில் ஒரு சூட்சுமம் உண்டு. சதுரங்கள் பெருத்தும் சிறுத்தும் கண்ணுக்குச் சுழல்வதுபோல் தெரியும் வடிவம் அது. பக்கத் தையலில் அரை அங்குலம் தவறினாலும் பத்தடி தூரத்திலிருந்தே தெரியும். அதனால் பினாகுலை முதுகில் ஒரே பலகையாக வைத்து, பக்கங்களுக்கும் கைகளுக்கும் அதே பாவில் நெய்த வெறும் துணியைப் போடுகிறேன். சேர்க்க முடியாத இடத்தில் சேர்க்க முயலாதீர்கள். நடுவே வேறு நிறப் பட்டை ஒன்று கொடுங்கள், மலோங்கில் லங்கிட் இருப்பதுபோல.

உள்தையலுக்குப் பிரெஞ்சு மடிப்பு அல்லது பைப்பிங். வெறும் ஓவர்லாக் போட்ட இனாபெல் பத்துத் துவைப்பில் நூல் நூலாக வரும். காலருக்குச் சூட்டில் ஒட்டும் கேன்வாஸ் போடும் முன் ஒரு துண்டில் சோதியுங்கள், பாலி கலந்த நூலானால் சுருங்கிப்போகும்.

8. பதிவு, உரிமம், வரி

முதலில், நீங்கள் பிலிப்பைன்ஸ் குடிமகனா என்ற கேள்வி. இல்லையென்றால் சிறிய கடை வைக்க முடியாது. சில்லறை வணிகத்தில் வெளிநாட்டவருக்குக் குறைந்தபட்ச முதல் 2.5 கோடி பெசோ என்று குடியரசுச் சட்டம் 11595 சொல்கிறது. உற்பத்தியில் 60 சதவீதமோ அதற்கு மேலோ ஏற்றுமதி செய்யும் நிறுவனம் என்றால் வழி வேறு, அதற்கு வழக்கறிஞர் வேண்டும். “இங்குள்ள ஒருவர் பெயரைப் போட்டு நடத்துங்கள்” என்று யோசனை சொல்பவர்கள் நிறைய. அதைச் செய்யாதீர்கள், பினாமிக்கு எதிரான சட்டத்தில் சிறைத்தண்டனை உண்டு, பெயர் கொடுத்தவரும் மாட்டுவார். எங்கள் கடை முழுக்க முழுக்கத் தோழியுடையது, முதலும் அவருடையது. நான் வேலை விசாவும் வேலை அனுமதியும் பெற்று அவரிடம் சம்பளத்துக்கு டிசைன் செய்கிறேன்.

குடிமக்களுக்கு வரிசை இது:

- டி.டி.ஐ. என்ற அரசு வணிகத் துறையின் தளத்தில் வணிகப் பெயர்ப் பதிவு. பரங்காய் (ஊரின் மிகச் சிறிய உள்ளாட்சிப் பிரிவு) அளவில் 200, நகர அளவில் 500, மண்டல அளவில் 1,000, நாடு முழுவதற்கும் 2,000. முத்திரை வரி 30. 5 வருடம் செல்லும். இணையத்தில் விற்கப் போகிறவர்கள் முதலிலேயே நாடு முழுவதற்குமான பதிவை எடுத்துவிடுங்கள்.
- பரங்காய் அனுமதிச் சான்று. வாடகை ஒப்பந்தமும் அடையாள அட்டையும் கேட்பார்கள்.
- நகராட்சி வணிக உரிமம். தீயணைப்புச் சான்று வேறு. கட்டணம் ஊருக்கு ஊர் மாறும். ஒவ்வொரு வருடமும் ஜனவரி 20-க்குள் புதுப்பிக்க வேண்டும். தவறினால் 25 சதவீதம் வரை அபராதம், மேலே மாத வட்டி.
- பி.ஐ.ஆர். வரி அலுவலகத்தில் 1901 படிவம் கொடுத்து 2303 சான்று வாங்குவது. கணக்குப் புத்தகம், இன்வாய்ஸ் அச்சிட அனுமதி. வருடாந்திரப் பதிவுக் கட்டணம் 500 பெசோ 2024 ஜனவரியிலிருந்து இல்லை. யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள்.

வரியில் ஒரு பொறி. கிராமத்து நெசவாளரிடம் பெரும்பாலும் இன்வாய்ஸ் இருக்காது. இன்வாய்ஸ் இல்லாத துணியைச் செலவாகக் காட்ட முடியாது. லாபத்துக்கு வரி கட்டும் முறையில் இருந்தால் இல்லாத லாபத்துக்கு வரி கட்டுவீர்கள். வருட விற்பனை 30 லட்சத்துக்குள் இருக்கும் தனிநபருக்கு, 2.5 லட்சத்துக்கு மேற்பட்ட விற்பனையில் 8 சதவீதம் மட்டும் கட்டும் முறை உண்டு. செலவுக்கு ரசீதே தேவையில்லை. பதிவின்போதே அல்லது முதல் காலாண்டிலேயே அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும், நடுவில் மாற்ற விடமாட்டார்கள். சொத்து 30 லட்சத்துக்குள் இருந்தால், குறுந்தொழில்களுக்கான பி.எம்.பி.இ. சான்றுக்கு (குடியரசுச் சட்டம் 9178) நெகோசியோ மையம் என்ற அரசின் சிறுதொழில் உதவி மையத்தில் விண்ணப்பியுங்கள். வருமான வரி விலக்கு, 2 வருடம் செல்லும். இரண்டில் எது உங்களுக்கு லாபம் என்று கணக்காளரிடம் ஒருமுறை உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

9. விலை போடுவது

எங்கள் பெட்டி ஜாக்கெட் ஒன்றின் கணக்கை அப்படியே தருகிறேன். இனாபெல் 3 கெஜம், 450 வீதம் 1,350. சுருக்கமும் விரயமும் 200. உள்துணி, நூல், பொத்தான் 280. தையல் கூலி 700. லேபிள், பை 70. பேருந்தில் வந்த சரக்குக் கூலியில் பங்கு 50. மொத்தம் 2,650.

இரண்டால் பெருக்கி 5,300 என்று விலை வைத்தால் நல்ல லாபம்போலத் தோன்றும். கடையில் வைத்து விற்றால் அவர்கள் பங்கு 35 சதவீதம், 1,855 போகும். கையில் நிற்பது 795. அதிலிருந்துதான் வரி, வாடகை, வீணான மாதிரி, விற்காத சைஸ் எல்லாம். ஆகவே கடை வழியாக விற்கும் எண்ணம் இருந்தால் மூன்று மடங்குக்குக் குறைத்து விலை வைக்காதீர்கள். விலை கூடுதலாகத் தெரிகிறதே என்று துணியின் விலையில் கைவைக்காதீர்கள். வடிவத்தைக் குறைத்து 3 கெஜத்தை 2½ ஆக்குங்கள். அது உங்கள் கையில் இருக்கும் வேலை.

10. நாட்காட்டி

அக்டோபர் சந்தையில் ஆடையோடு நிற்க வேண்டும் என்று வைத்துக்கொண்டு பின்னாலிருந்து எண்ணுங்கள். செப்டம்பர் முழுக்கத் தையல். ஆகஸ்டில் துணி கைக்கு வந்து, ஊறவைத்து, மாதிரி தைத்துப் பார்த்திருக்க வேண்டும். பினாகுல் பாவுக்கு மூன்று மாதம், புயலுக்கு இரண்டு வாரம். அப்படியானால் முன்பணமும் நூல் துண்டு ஒட்டிய தாளும் ஏப்ரல் கடைசிக்குள் மானாங்கின் கையில் இருக்க வேண்டும். புனித வாரம் முடிந்த அடுத்த திங்கட்கிழமை விகான் பேருந்துக்கு டிக்கெட் எடுத்துவிடுங்கள். பையில் அளவு நாடா, ஊக்கு, வெள்ளைத் துணித் துண்டு, நீங்கள் முன்பு தைத்த உடை ஒன்று. அந்த உடையைத் தறிக்காரரிடம் கொடுத்துத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். தையலை அவர்கள் உள்பக்கத்திலிருந்துதான் பார்ப்பார்கள்.